பத்தாவது வரி

ஊரில் அவளுக்கு மணியக்கா என்று பெயர். தபால்காரராக இருந்த கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் அவருடைய வேலை, காக்கிப் பை, சைக்கிள் மூன்றும் அவள் கைக்கு வந்தன. அது குறுக்குக் கம்பி போட்ட ஆண்கள் சைக்கிள். முதல் மாதம் அதைத் தள்ளிக்கொண்டே தபால் கொடுத்தாள். இரண்டாம் மாதம் ஏறிப் பார்த்தாள், மூன்று தடவை விழுந்தாள். நான்காம் தடவை விழாமல் தெருக்கோடிவரை போனதற்கு ஊரே சாட்சி.

கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தரம் மணி அடித்துவிட்டுத்தான் நகர்வாள். ஏனென்று கேட்டால், "வீட்டத் தாண்டிப் போனா வீட்டுக்காரங்களுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?" என்பாள். கடிதமே வராத வீடுகளிலிருந்தும் தலைகள் நீளும்.

"என்ன மணியக்கா, எங்களுக்கு யாரும் எழுதலையா?"

"எழுதத் தெரிஞ்சவங்களாப் பாத்து சொந்தம் வச்சுக்கங்க. நான் என்ன பண்ண?"

இப்படிச் சிரித்துப் பேசித் திரிந்த தெருதான். போர் வந்து அத்தனையையும் மாற்றிவிட்டது. யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காகச் சண்டை என்பதையெல்லாம் பெரிய மனிதர்கள் பேசிக்கொள்ளட்டும். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்த ஒரே நீளத் தெருவில் பதினேழு வீடுகளிலிருந்து, வீட்டுக்கு ஒருவனாகப் பதினேழு பேர் போனார்கள். மணியக்காவின் ஒரே மகனும் அதில் ஒருவன். பக்கத்து வீட்டுத் தையல்காரியின் ஒரே மகனும் ஒருவன். தையல்காரியின் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. கறுப்பாக, ஒல்லியாக, ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று ஓடுவான். சீண்டினால் கடித்தும் வைப்பான். அதனால் அவன் எல்லோருக்கும் கட்டெறும்பு. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே வண்டியில், ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டபடி போனார்கள்.

நான்காவது மாதம் முதல் உறை வந்தது. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட பழுப்பு உறை. உள்ளே என்ன இருக்கும் என்று பிரிக்காமலே தெரியும். அன்றைக்கு மணியக்காவுக்கு மணி அடிக்கக் கை வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல் தெருவில் நடந்தாள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தெருமுனையில் மணி கேட்டால் இன்றைக்குப் பிழைத்தோம். மணி கேட்காமல் சைக்கிள் சங்கிலியின் சத்தம் மட்டும் கேட்டால், பதினேழு வீட்டிலும் அடுப்பில் இருப்பது கருகும். அவள் ஒரு வீட்டைத் தாண்டும்போது அந்த வீட்டில் யாரோ சுவரில் சாய்ந்து மூச்சு விடுவது அவளுக்கே கேட்கும். அவளைக் கண்டால் பிரியமாக ஓடிவந்த ஊர், அவளைக் கண்டு நடுங்க ஆரம்பித்தது.

அவளுக்கு யார் மணி அடிப்பது? அந்தக் கேள்விக்கு போஸ்ட்மாஸ்டர் ஒரு வழி சொன்னார். தபால் மூட்டை அரக்கு முத்திரையோடு காலை ஏழரை வண்டியில் வரும். முத்திரையை உடைத்துப் பிரிப்பது அவர் வேலை.

"இங்க பாருங்கம்மா, நான் பிரிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க வெளிய பெஞ்சில உக்காந்திருங்க. ஒண்ணும் இல்லன்னா 'உள்ள வாங்க'ன்னு கூப்பிடுவேன். அந்த மாதிரி ஏதாவது... உங்க வீட்டுக்கு இருந்துச்சுன்னா, கூப்பிட மாட்டேன். நானே வெளிய வந்துடுவேன்."

அன்றிலிருந்து காலை ஏழரைக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே முத்திரை உடையும். கத்தரிக்கோல் சணலை வெட்டும். கடிதங்கள் மேசையில் சரியும். பிறகு ஒரு நிசப்தம். "உள்ள வாங்க" என்ற அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் காது முழுக்க ஏங்கிக் கிடக்கும். கேட்டதும் அன்றைக்குப் புதிதாகப் பிறந்தவள்போல எழுந்து போவாள். பெற்ற மகன் பிழைத்திருக்கிறானா என்று நாள்தோறும் கதவோரம் காத்திருப்பதைவிடக் கொடுமை ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் முடிவதற்குள் பதினொரு பேர் போய்விட்டார்கள். இறந்தவர்களுக்குத் தெருமுக்கில் ஒரு கல் நாட்ட வேண்டும் என்று ஊர் கூடிப் பேசியது. கல்லுக்கு எல்லோரும் சம்மதம். யார் பெயர் மேலே வருவது என்பதில்தான் சண்டை. முதலில் இறந்தவன் பெயர் என்றார் ஒருவர். பெரிய வீட்டுப் பிள்ளை பெயர் என்றார் இன்னொருவர். யார் அப்படிச் சொன்னது என்று மூன்றாமவர் சட்டைக் கையை மடித்தார். கடைசியில் எழுந்தவர் தலைமையாசிரியர். எந்தத் தாளைக் கண்டாலும் ஓரத்தில் கோடு போட்டுவிட்டுத்தான் தொடுவார் என்பதால் கோடு வாத்தியார் என்று ஊர் அவருக்குப் பெயர் வைத்திருந்தது.

"தபால் போற வரிசை. முதல் வீட்டுலேருந்து கடைசி வீடு வரைக்கும். இதுல உசத்தி என்ன, தாழ்த்தி என்ன? மணியக்கா, வரிசைய நீங்களே எழுதிக் குடுங்க" என்றார் அவர்.

எல்லோரும் அடங்கினார்கள். அவளும் அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினாள். தெருவில் நடப்பதுபோலவே மனசுக்குள் நடந்து, சண்டைக்கு ஆள் அனுப்பிய வீடுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பிள்ளையை இழந்த வீடுகளை மட்டும் எழுதியிருக்க வேண்டும். ஆனால் பத்து வருஷப் பழக்கம்; நடுவில் ஒரு வீட்டைத் தாண்டி எழுத அவளுக்குக் கை வரவில்லை. பதினேழையும் எழுதி, இறந்தவர்கள் பெயருக்கு எதிரில் மட்டும் ஒரு குறி போட்டுக் கொடுத்தாள். ஒன்பது, தையல்காரி வீடு. பத்து, அவள் வீடு. இரண்டிலும் குறி இல்லை.

கோடு வாத்தியார் அந்தத் தாளை அப்படியே கல்தச்சரிடம் கொடுத்தார். தச்சர் நல்ல வேலைக்காரர், ஆனால் தாளில் உள்ளதுதான் அவருக்கு வேதம். பதினேழு வரி இருந்ததால் கல்லில் முதலில் பதினேழு கோடு வெட்டினார். குறி போட்ட பதினொன்றில் பெயர் கொத்தினார். மீதி ஆறு கோட்டைக் காலியாக விட்டார்.

கல்லை மூடியிருந்த வெள்ளைத் துணியை இழுத்த நிமிஷம் கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பெயர், பெயர், காலி, பெயர், பெயர், காலி. தபால் வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். மூன்றாவது வரி யார் வீடு, ஆறாவது யார் வீடு என்று அவரவர் விரல்கள் மடங்கி நிமிர்வதை மணியக்கா பார்த்தாள். ஒன்பதும் பத்தும் அடுத்தடுத்துக் காலியாக இருந்தன. பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே அங்கே இடம் போட்டுக் கொடுத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

கோடு வாத்தியார் மட்டும் கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றார். "பின்னாடி இடம் பத்தாம நெருக்கி எழுத வேண்டாம் பாருங்க" என்றார். வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி அவரை என்ன கேட்டாள் என்று தெரியாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவர் யாரிடமும் பேசவில்லை.

அதற்குப் பிறகு கல் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. கல்லா செய்தது, சண்டை செய்தது என்று நமக்குத் தெரியும். அந்தத் தெருவில் இருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. பதினாலாவது வரி நிரம்பியது. பிறகு மூன்றாவது. பிறகு பதினாறு, ஆறு. ஒவ்வொரு தடவையும் தச்சர் உளியோடு வந்து உட்கார்ந்தார். அந்தச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. கடைசியில் ஒன்பதும் பத்தும் மட்டும் மிஞ்சின.

தையல்காரியும் மணியக்காவும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. வேறு எதையெதையோ பேசினார்கள். தையல்காரி மணியக்காவின் காக்கிச் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பாள். மணியக்கா அவள் பிள்ளையின் கடிதத்தை மூட்டையில் பார்த்தால் வீடுவரை காத்திராமல் தெருமுனையிலிருந்தே கையை ஆட்டுவாள். ஆனால் ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பது குறைந்துபோனது. இரண்டில் ஒன்று என்ற நினைப்பு இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு காலை. முத்திரை உடைந்தது. சணல் அறுந்தது. கடிதங்கள் சரிந்தன. நிசப்தம் நீண்டது. மணியக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. போஸ்ட்மாஸ்டர் வெளியே வந்து நின்றார்.

அவர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

"அம்மா... அம்மா, உங்களுக்கு இல்ல. கேளுங்க, உங்களுக்கு இல்ல. பக்கத்து வீடு. கையில குடுக்க மனசு வரல, அதான் சொல்லலாம்னு..."

"அப்பாடா" என்றாள் மணியக்கா.

வாய்விட்டுச் சொன்னாள். நெஞ்சின் அடியிலிருந்து வந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. போஸ்ட்மாஸ்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்குத் தெருவில் மணி அடிக்கவில்லை. எட்டு வீடுகளைத் தாண்டி ஒன்பதாவது வீட்டு முன் சைக்கிளை நிறுத்தினாள். தையல்காரி மிஷினிலிருந்து எழுந்து, வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அவள் உறையைப் பார்க்கவில்லை. மணியக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள், நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு உறையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மறுவாரம் ஒன்பதாவது வரியில் கட்டெறும்பின் முழுப் பெயர் ஏறியது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும் இருந்த அந்தப் பெயரைப் பலர் அன்றுதான் முதல்முதலாகப் படித்தார்கள்.

அன்றிலிருந்து தையல்காரி அவளோடு பேசவில்லை. மணியக்காவும் அந்த வாசலில் மணி அடிப்பதை விட்டுவிட்டாள். பிழைத்தோம் என்று சொல்லும் மணியை அங்கே எந்த முகத்தோடு அடிப்பது? சத்தம் போடாமல் அந்த வீட்டைக் கடந்து போனாள். மற்ற பதினைந்து வீடுகளில் அந்தச் சங்கடம் அவளுக்குத் தோன்றவில்லை. அங்கெல்லாம் அவள் "அப்பாடா" சொல்லியிருக்கவில்லை.

பத்து மட்டும் மிஞ்சியது. கல்லைக் கடப்பவர்கள் பத்தாவது வரியைப் பார்ப்பதும், அவளைக் கண்டதும் சட்டென்று வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். "இன்னும் ஒண்ணுதான்" என்று யாரோ கடை வாசலில் சொன்னது காதில் விழுந்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவளுக்கு அந்த ஆளின் வாயை ஊசி நூலால் தைத்துவிட வேண்டும்போல இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து மகனிடமிருந்து கடிதம் நின்றது. மூன்று வாரம், ஐந்து வாரம், ஒன்பது வாரம். உறையும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லைப் பார்க்காமல் போக வேண்டும் என்று பின்சந்து வழியாகச் சுற்றினாள்; வரிசை மாறி, தபால் தாமதமாகி, போஸ்ட்மாஸ்டரிடம் புகார் போனது. கடைசியில் ஒருநாள் தச்சர் பட்டறைக்கே போய் நின்றாள்.

"அண்ணே, அந்தப் பத்தாவது கோட்ட எடுத்துட முடியுமா?"

தச்சர் உளியைக் கீழே வைத்தார். "கோட்ட எடுக்கணும்னா கல்லு முகத்தையே ஒரு விரல் கனத்துக்குச் செதுக்கி எறக்கணும்மா. அப்ப மத்த பதினாறு பேரும் போயிடுவாங்களே."

"சுண்ணாம்பு வச்சு அடைச்சிட்டா?"

"ஒரு மழைக்குத் தாங்காது."

"காலியா இருக்கேண்ணே. காலியா இருந்தா யாராவது வந்துதானே ஆகணும்?"

தச்சர் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்காமல் வந்துவிட்டாள்.

ஆறு நாள் கழிந்தது. "உள்ள வாங்க" என்று போஸ்ட்மாஸ்டர் வழக்கம்போல் கூப்பிட்டார். பையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். புகாருக்குப் பயந்து பெரிய தெரு வழியாகவே போனாள். நாலு வீடு தாண்டியிருப்பாள், காற்றில் அந்தச் சத்தம் வந்தது.

டிக். டிக். டிக்.

தெருமுக்கில் தச்சர் உட்கார்ந்திருந்தார். கல்லுக்கு முன்னால் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலே ஒன்பது பெயர்கள் தெரிந்தன. அவர் கை இருந்த இடம் அதற்கு அடுத்த வரி.

மணியக்காவின் கையிலிருந்து சைக்கிள் விழுந்தது. பை திறந்து கடிதங்கள் மண்ணில் பரவின. எனக்குத் தெரியாமல் வந்துவிட்டது, என்று நினைத்தாள். வேறு வழியாக, கோடு வாத்தியார் பெயருக்கு வந்துவிட்டது, போஸ்ட்மாஸ்டருக்குக்கூடத் தெரியாது, ஊருக்கெல்லாம் தெரியும், பெற்றவளுக்குத்தான் தெரியாது. ஓடினாள். "வேண்டாம்" என்று கத்தினாளாம். அவளுக்கு அது நினைவில்லை.

கல்லை எட்டியபோதுதான் தச்சருக்குப் பக்கத்தில் தையல்காரி தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தச்சர் கையை விலக்கினார். ஆறு எழுத்து கொத்தி முடித்திருந்தார்.

கட்டெறும்பு.

மணியக்கா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். புரியவில்லை.

"சட்டைக்கு அளவு குடுக்க வந்தப்ப தச்சரண்ணன் சொன்னாரு, நீங்க வந்து கேட்டத" என்றாள் தையல்காரி. எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் குரல். "மேல எழுதியிருக்கிறது யாரோ மாதிரி இருக்குக்கா. என் பிள்ளைய யாரு அப்படிக் கூப்பிட்டா? அதான் கூப்பிடுற பேரையும் போடச் சொன்னேன். இனிமே அங்க இடமில்ல. யாரும் வர வேண்டாம்."

மணியக்கா அவள் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு என் மொகம்..." என்று ஆரம்பித்தாள்.

"பாத்தேன். ஒங்க பிள்ளை இல்லன்னு ஒங்களுக்கு சந்தோஷம். படிக்கத் தெரியாதவளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்." தையல்காரி விரலில் இருந்த ஊசித் தழும்புகளைத் தேய்த்தாள். "நான் மட்டும் யோக்கியமா? மணி கேக்காத நாள்ல எல்லாம் கதவுக்குப் பின்னாடி நின்னு என்ன வேண்டிக்குவேன் தெரியுமா? இந்த அக்கா எங்க வீட்டத் தாண்டி அவங்க வீட்டுக்கே போகட்டும், அவங்க வீட்டுக்கே போகட்டும்னு. தினம் வேண்டியிருக்கேன்க்கா. அதச் சொல்ல முடியாமத்தான் உங்ககூடப் பேசல."

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கோடு வாத்தியார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "என்ன இது? ஒரு ஆளுக்கு ரெண்டு வரியா? வரிசை என்னாகிறது? அதுவும் வீரர் கல்லுல எறும்பு பேரா!"

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். "சார், ரெண்டாம் வகுப்புல பெஞ்சில உக்காரலன்னு அவனுக்கு அந்தப் பேர மொதல்ல வச்சது நீங்கதான்."

வாத்தியார் கல்லின் அருகே போய்க் குனிந்து அந்த ஆறு எழுத்தையும் பார்த்தார்.

"கடைசி எழுத்து கோட்ட விட்டுக் கொஞ்சம் எறங்கி நிக்குதே தச்சரே" என்றார்.

"சரி பண்ணவா சார்?"

"வேண்டாம். அவன் எப்பவும் அப்படித்தான்."

மகன் பிழைத்தானா என்று கேட்பீர்கள். பதினோரு மாதம் கழித்து, எதிரியின் சிறையிலிருந்து, இடக்கையில் இரண்டு விரல் குறைய வந்து இறங்கினான். கல்லின் பத்தாவது வரியைப் படித்துவிட்டு, அதன் கீழேயே முழங்கால் கட்டி உட்கார்ந்து அழுதான். அதெல்லாம் பிறகு. கல் நிரம்பிய அந்தக் காலையில் அவளுக்கு அது எதுவும் தெரியாது. பயம் விட்டுப்போனது என்று சொன்னால் பொய். மறுநாள் ஏழரைக்கு அதே பெஞ்சில் அதே பயத்தோடுதான் உட்கார்ந்தாள். உட்காரும்போது துணைக்கு ஒருத்தி பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

ஆனால் அன்று காலை, சிதறிய கடிதங்களை இருவருமாகப் பொறுக்கி, மண் தட்டி, வரிசைப்படுத்திப் பையில் வைத்தார்கள். தச்சர் சைக்கிளின் கோணிய கைப்பிடியை நிமிர்த்திக் கொடுத்தார். மணியக்கா புறப்படும்போது தையல்காரி சைக்கிள் சீட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. எட்டு மாசமா எங்க வீட்டு வாசல்ல மட்டும் மணி அடிக்கறதில்ல. தெருவுல எல்லா வீடும் வீடு, என் வீடு மட்டும் இல்லாமப் போச்சா?"

மணியக்கா தெருமுனைக்குத் திரும்பிப் போய், முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். எட்டு வீட்டிலும் மணி அடித்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது வாசலில் கடிதம் ஏதும் இல்லை. சைக்கிளை நிறுத்தினாள். மணியை அடித்தாள்.

உள்ளே தையல் மிஷின் நின்றது. "என்ன மணியக்கா, எங்களுக்கு யாரும் எழுதலையா?" என்று குரல் வந்தது.